மின்சாரப் பிக்கப் வாங்கலாமா? மணவறை ஏற்றுகிறவனின் கணக்கு

கேள்வி, 2023 நவம்பர் 5

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். பெயின்ட் அடிக்கிற வேலை. இரண்டாம் கை ஃபோர்ட் லைட்னிங் விலை இறங்கியிருக்கிறது, ஒன்று எடுக்கலாம் என்று யோசனை. வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. ஆனால் இப்போது எங்கே பார்த்தாலும் சார்ஜர் நிற்கிறது, பெற்றோல் அடிப்பதுபோல் கிழமைக்கு இரண்டு தரம் வெளியே போட்டால் போதும்தானே?

2023 நவம்பர் 6

போதாது தம்பி.

நான் வைத்திருக்கிறேன். 2022 லைட்னிங், பெரிய பற்றரி, ஆறு கிழமைக்கு முன்னர் இரண்டாம் கையாக எடுத்தது. தொழில் மணவறை சோடிப்பது. கிழமை நாளில் மார்க்கம், பிக்கரிங், மிசிசாகா என்று மண்டபம் மண்டபமாக அலைவேன், வெள்ளி சனியில் பின்னால் ட்ரெய்லரைக் கட்டி இழுப்பேன்.

இந்தப் பற்றரி 131 யூனிட். ஊரில் கரண்ட் பில்லில் பார்த்தோமே, அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. எங்கள் வீடு நாலைந்து நாளில் எரிக்கிற கரண்டை இந்த வண்டி ஒரே வயிற்றில் வைத்திருக்கிறது, ஆகவே சின்னக் கார் வைத்திருக்கிற நண்பர் சொல்கிற கணக்கு உமக்கு உதவாது. விரைவுச் சார்ஜரில் 15 வீதத்திலிருந்து 80 வீதம் வர, எல்லாம் சரியாக இருந்தால், 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. எல்லாம் சரியாக இருப்பது என்பது சார்ஜர் வேலை செய்ய வேண்டும், முன்னால் யாரும் நிற்கக் கூடாது, குளிர் இருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் இந்த மூன்றும் ஒன்றாக அமைகிற நாளை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்கலாம்.

காசும் பாரும். வெளியே நான் கொடுத்தது யூனிட்டுக்கு ஐம்பது, அறுபது சதம். வீட்டில் இரவில் 2.8 சதம். இந்த வண்டியின் லாபம் முழுக்க இரவில், வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. சுவர் இல்லாதவருக்கு இது விலை கூடிய பாரமான வண்டி, அவ்வளவுதான்.

2023 நவம்பர் 6, இரவு

வீட்டுக்காரர் வெளியே ஒரு சாதாரண பிளக் தருவாராம், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர். 120 வோல்ட், 12 அம்பியர், கிட்டத்தட்ட 1.4 கிலோவாட். வெறும் பற்றரி நிறைய நாலு நாள். இரவில் பத்து மணித்தியாலம் கொழுவி விட்டால் 14 யூனிட், கோடையில் ஐம்பது கிலோமீற்றர் கிடைக்கலாம். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீற்றர்தான் ஓட்டம் என்றால் அதுவே காணும், சும்மா சொல்லவில்லை. ஆனால் பெயின்ட் அடிக்கிறவர் நாற்பதோடு நிற்பாரா?

2023 நவம்பர் 19

சார்ஜர் பூட்டிய கதையைக் கனபேர் கேட்டார்கள்.

எங்களுடையது பழைய பங்களா வீடு, 100 அம்பியர் பனல், அதாவது வீட்டுக்குக் கரண்ட் வந்து பிரிகிற பெட்டி. முதலில் வந்த எலக்ட்ரீசியன் படியில் நின்றபடியே தலையை ஆட்டிவிட்டார், 200 அம்பியருக்கு மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது, தெருவிலிருந்து புது வயர் இழுக்க வேண்டும் என்று பல ஆயிரம் டொலர் சொன்னார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற யோசனைகூட வந்தது. இரண்டாவதாக வந்தவர் பேனையை எடுத்து இருந்து கணக்குப் பார்த்தார். அடுப்பு எவ்வளவு, ட்ரையர் எவ்வளவு, ஏசி எவ்வளவு, வீடு எத்தனை சதுர அடி. சூடாக்குவதற்கும் சுடுதண்ணிக்கும் காஸ் இருப்பதால் இடம் இருக்கிறது, 40 அம்பியர் பிரேக்கர் ஒன்று தாராளமாகப் போடலாம் என்றார்.

40 அம்பியர் பிரேக்கரில் தொடர்ந்து இழுக்க விடுவது 32 தான். 240 வோல்ட்டில் அது 7.7 கிலோவாட். இரவு 11 முதல் காலை 7 வரை எட்டு மணித்தியாலத்தில் 61 யூனிட் வரும், வழியில் சூடாகி வீணாவது போக 55 யூனிட் பற்றரிக்குள் போகும். கோடையில் 200 கிலோமீற்றர். ஒரு நாளும் நான் உள்ளூருக்குள் அவ்வளவு ஓடியதில்லை.

இந்த வண்டியோடு புதிதில் வந்த பெரிய சார்ஜர் 80 அம்பியர் இழுக்கும், அதற்கு 100 அம்பியர் பிரேக்கர் வேண்டும். எங்கள் வீட்டு மொத்தமே 100! முதல் சொந்தக்காரர் அதைக் கழற்றி வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ஒன்று மட்டும்: எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதோறிற்றியில் பெர்மிற் எடுக்கிற ஆளாகப் பிடியுங்கள். 'தெரிந்த பெடியன் ஒருவன் இருநூறு டொலருக்குப் பூட்டுவான்' என்று எனக்கும் ஒருவர் வந்தார். எட்டு மணித்தியாலம் நிற்காமல் 32 அம்பியர் ஓடுகிற வயர் அது, நாங்கள் மேலே படுத்திருக்கிறோம்.

2023 டிசம்பர் 3

2.8 சதம் எப்படி என்று பிராம்டன் அண்ணை சண்டைக்கு வந்திருக்கிறார். பொய்யில்லை அண்ணை. இந்த வருடம் மே மாதம் ஒன்ராறியோவில் வந்த நள்ளிரவு மலிவுத் திட்டம், அல்ட்ரா லோ ஓவர்நைற். தொடங்கியபோது 2.4 சதம், நவம்பர் 1 முதல் 2.8. நீங்களாகக் கேட்டுத்தான் மாற வேண்டும், தானாக வராது. பில்லில் வருகிற டெலிவரிக் கட்டணம், வரி எல்லாம் இதற்கு மேலே. அப்படிச் சேர்த்தும் 100 கிலோமீற்றருக்கு எனக்கு இரண்டு டொலரைத் தாண்டவில்லை. முன்பு வைத்திருந்த பெற்றோல் பிக்கப்புக்கு அதே தூரத்துக்கு 13 லீற்றர் ஊற்றினேன். பெருக்கிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 4

மனைவி இந்த இழையை வாசித்துவிட்டார். சொல்லாமல் விட்டதையும் எழுதச் சொல்கிறார்.

நள்ளிரவு 2.8 தருகிறவர்கள் கிழமை நாள் மாலை 4 முதல் 9 வரை 28.6 சதம் எடுக்கிறார்கள், பத்து மடங்குக்கு மேல். எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதும், உடுப்புத் தோய்க்கிறதும், பிள்ளைகள் மூன்று அறையிலும் லைற்றைப் போட்டுவிட்டு நாலாவது அறையில் இருக்கிறதும் அந்த நேரம்தான். 'உன்ர வண்டி மலிவாச் சாப்பிட நாங்கள் ஒன்பது மணிக்குப் புட்டு அவிக்கிறதோ' என்று கேட்டார். பதில் இல்லை. ட்ரையரும் பாத்திரம் கழுவுகிற மெசினும் இப்போது இரவு 11க்குப் பிறகு ஓடுகின்றன. புட்டு ஏழு மணிக்குத்தான்.

2024 ஜனவரி 21

குளிர். எல்லோரும் காத்திருந்த பதிவு.

ஒக்டோபரில் 100 கிலோமீற்றருக்கு 25, 26 யூனிட் போனது, கம்பனிக் கணக்கான 515 கிலோமீற்றரும் அந்த அளவில்தான் வரும். இந்தக் கிழமை மைனஸ் 15 அளவில் 38, 40 போனது. அதாவது 330 கிலோமீற்றர். சின்னச் சின்ன ஓட்டமாக இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு தரமும் ஆறிப்போன வண்டியைத் திரும்பச் சூடாக்க வேண்டுமே. பெற்றோல் எஞ்சினில் சூடு சும்மா வீணாகிற பொருள், அதை எடுத்து உள்ளே விடுவார்கள். இங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் பற்றரியிலிருந்து கொடுக்க வேண்டும். 2024 மொடலிலிருந்து வெளிக்காற்றின் சூட்டையே உள்ளே இழுக்கிற ஹீற் பம்ப் வருகிறது, அது கொஞ்சம் மிச்சம் பிடிக்கும், என்னுடையதில் இல்லை.

நான் செய்வது: காலையில் வெளிக்கிடுகிற நேரத்தை வண்டியில் குறித்து வைப்பது. கொழுவியபடியே சுவர்க் கரண்டில் பற்றரியும் கபினும் சூடாகிவிடும், கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற வேலையும் இல்லை. ஓடும்போது சீற் சூட்டைக் கூட்டி, காற்றுச் சூட்டைக் குறைப்பது. மனைவி பக்கத்தில் இருக்கிற நாளில் இந்தச் சட்டம் செல்லாது.

தம்பி, உமக்கு ஒன்று. ஆறிய பற்றரி விரைவுச் சார்ஜரில் கரண்டை வாங்காது. போன சனி ஒரு கடைத்தொகுதியில் மாட்டினேன், 150 கிலோவாட் என்று எழுதியிருந்த இடத்தில் 38 தான் வந்தது. வண்டியின் சொந்த நவிகேஷனில் அந்தச் சார்ஜரை இலக்காகப் போட்டு ஓடினால் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கிக்கொண்டு போகும், நான் வழி தெரியும் என்ற திமிரில் போடவில்லை. நல்ல காலம் அங்கே யூனிட் கணக்கு. 2023க்கு முன்னர் கனடாவில் சார்ஜரில் கரண்டை அளந்து விற்க அனுமதியில்லை, நிமிடக் கணக்குத்தான். குளிரில் மெதுவாக வாங்குகிற வண்டிக்காரன் நின்ற நேரத்துக்கெல்லாம் காசு கட்டியிருப்பான்.

2024 பெப்ரவரி 18

முன்பெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லீற்றர் பெட்டி, 180 கிலோ வரை வைக்கலாம், பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும், அடியில் தண்ணி போக ஒரு துளையும் மூடியும். அந்த மூடியைக் கண்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு மீன்.

இரண்டு மாதம் சந்தோசமாக இருந்தது. நண்டு, கணவாய், விளைமீன் எல்லாம் முன்பெட்டியில், கபினுக்குள் ஒரு மணமும் இல்லை. வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி வாளித் தண்ணி ஊற்றினால் சுத்தம். பிறகு போன சனிக்கிழமை கலியாணத்துக்குப் பின்பக்கம் இடமில்லாமல் மாலைப் பெட்டியை முன்னால் வைத்துவிட்டேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா மாலையை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், என்னைப் பார்த்தார்.

வேறு மாலை எடுக்க ஸ்காபரோ போய் வர ஒரு மணித்தியாலம். ஐயர் நல்ல மனிதர், மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொன்னார்.

2024 பெப்ரவரி 19

இல்லை, இப்போது மீனுக்குத் தனி ஐஸ் பெட்டி. போதும், அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

2024 மே 12

பெப்ரவரி 29 முதல் டெஸ்லாவின் விரைவுச் சார்ஜரான சுப்பர்சார்ஜரில் ஃபோர்ட்டும் போடலாம். நான் அடாப்டர் எடுத்துவிட்டேன். நன்மை என்னவென்றால் ஓர் இடத்தில் எட்டு, பத்து, பன்னிரண்டு தூண் நிற்கும், ஒன்று பழுதென்றால் மற்றது. மற்ற இடங்களில் இரண்டு நிற்கும், ஒன்றில் திரை செத்திருக்கும், மற்றதில் யாரோ 80 வீதத்துக்கு மேலும் ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

தீமை வயர். டெஸ்லாவுக்குச் சார்ஜ் வாய் பின்பக்கம் இடது, அவர்கள் றிவேர்ஸில் வந்து நிற்பார்கள். எங்களுக்கு முன்பக்கம் இடது. வயரோ முழம் கணக்கு. நேரே போய் நின்றால் எங்கள் தூண் எட்டாது, பக்கத்துத் தூணில் இழுக்க வேண்டும், ஆகவே ஒரு வண்டி இரண்டு இடத்தைப் பிடிக்கும். முதல் நாள் ஒரு மனிசன் கண்ணாடியை இறக்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே. இப்போது கடைசித் தூணாகப் பார்த்து ஒதுங்குகிறேன்.

2024 ஜூலை 9

'ட்ரெய்லரோடு பிரச்சினை இல்லையா' என்று முதல் நாளிலிருந்து கேட்கிறார்கள், நானும் பிரச்சினை இல்லை என்றே சொல்லி வந்தேன். உள்ளூர் ஓட்டத்தை வைத்துச் சொன்னது. அந்தச் சொல்லை வாபஸ் வாங்குகிறேன். போன கிழமை மொன்றியல் போனேன்.

ஆறுக்குப் பன்னிரண்டு அடி மூடிய ட்ரெய்லர், மணவறைத் தூண்கள், மேடைப் பலகை, துணி, லைற், எல்லாமாக 1,600 கிலோ. வண்டி 4,500 கிலோ வரை இழுக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, இழுக்கும்தான், மலை ஏறுகிற சத்தம்கூடத் தராது, பெற்றோல் வண்டியில் இந்த ட்ரெய்லரைக் கட்டி நான் அடைந்த முக்கல் முனகல் ஒன்றும் இல்லை. ஆனால் 100 கிலோமீற்றருக்கு 57 யூனிட். முழுப் பற்றரியில் 230 கிலோமீற்றர். 10 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் ஓடினால் 160.

401 நெடுஞ்சாலையில் காலை 11க்கு வெளிக்கிட்டு ட்ரென்டன், மலோரிடவுன், கோர்ன்வால் என்று மூன்று இடம் நின்றேன். நிற்கிறது பெரிதல்ல, ட்ரெய்லரோடு நிற்க இடமில்லை. சார்ஜர்கள் எல்லாம் கார் பார்க்கிங் கோட்டுக்குள். பெற்றோல் செட்டில் போல ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் போகிற இடம் நான் போன வழியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரமும் ட்ரெய்லரை ஓரமாகக் கழற்றி, சில்லுக்குக் கட்டை வைத்து, பூட்டி, வண்டியை மட்டும் கொண்டுபோய்க் கொழுவி, முக்கால் மணித்தியாலம் நின்று, திரும்பி வந்து, பின்னால் பார்த்துப் பார்த்துக் கொக்கியை மாட்டி. கோர்ன்வாலில் நான் நம்பிப் போன சார்ஜர் வேலை செய்யவில்லை, அடுத்ததில் இருவர் முன்னால். இரவு ஒன்பதரைக்கு மொன்றியல். பெற்றோலில் ஆறு மணித்தியாலத்தில் முடிகிற ஓட்டம் பத்தரை ஆனது. கலியாணம் மறுநாள் என்பதால் தப்பினேன்.

2024 ஜூலை 11

'பாரத்தைக் குறையுங்கள், மேடைப் பலகையை அங்கேயே வாடகைக்கு எடுங்கள்' என்று ஓர் அண்ணை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திரும்பி வரும்போது பலகை, பூச்சட்டம் எல்லாவற்றையும் அடுத்த கலியாணத்துக்காக மொன்றியலிலேயே விட்டுவிட்டு ட்ரெய்லரை ஏறக்குறைய வெறுமையாகத்தான் கொண்டு வந்தேன். 57 இருந்தது 53 ஆனது. அவ்வளவுதான் வித்தியாசம். ட்ரெய்லரின் முகம் காற்றோடு படுகிற சண்டைதான் கரண்டைத் தின்கிறது, பாரமல்ல. வேகத்தை 110 இலிருந்து 95 ஆக்கியபோதுதான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்தது, பின்னால் வந்த லொறிக்காரர்கள் கையால் வேறு மொழி பேசினார்கள்.

மொன்றியல் கலியாணங்களுக்கு இனி வான் வாடகைக்கு எடுப்பேன். வருடத்தில் மூன்று நாலு தரம்.

2024 நவம்பர் 24

முன்பு சொன்னதில் ஒரு தப்பு. நள்ளிரவுத் திட்டத்தால் மாதம் ஐம்பது டொலர் மிச்சம் என்று பலருக்கும் சொல்லியிருந்தேன். வண்டிக்கு மாதம் 900 யூனிட், மாறுமுன் இருந்த பழைய திட்டத்தின் இரவு விலை போன மாதம் வரை 8.7 சதம், வித்தியாசம் 5.9 சதம், 53 டொலர். அந்தப் பக்கம் சரி. ஆனால் மாலை ஐந்து மணித்தியாலத்தில் வீடு எரிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் பழைய திட்டத்தைவிட சராசரி 15 சதம் கூடக் கட்டுகிறோம். நாளைக்குப் பத்து யூனிட் என்றால் மாதம் 33, 34 டொலர் அங்கே போய்விடும். ட்ரையரை இரவுக்குத் தள்ளிய பிறகு ஆறு யூனிட் ஆனது, இருபது டொலர் போகிறது. ஆக மிச்சம் முப்பது சொச்சம். மனைவி இதைப் போன வருடமே கணக்கில்லாமல் சொல்லிவிட்டார்.

2025 ஏப்ரல் 6

மார்ச் கடைசியில் அடித்த ஐஸ் மழை எல்லோருக்கும் தெரியும். ஒரிலியா, பீட்டர்பரோ பக்கம் மரமெல்லாம் முறிந்து, நாட்கணக்கில் கரண்ட் இல்லை. சித்தியின் மகன் ஒரிலியாவில். வண்டியில் 9.6 கிலோவாட் வெளியே கொடுக்கிற பிளக்குகள் இருக்கின்றன, 'வீடு முழுக்க மூன்று நாள் ஓட்டலாம்' என்று அவனுக்கு எத்தனையோ தரம் பீற்றியிருக்கிறேன். இப்போது கூப்பிட்டான். போனேன்.

முதல் தடுமாற்றம். அவன் வீட்டில் ஜெனறேற்றருக்கு என்று வெளியே ஒரு இணைப்பு பூட்டியிருந்தது. வண்டியின் 240 வோல்ட் பிளக்கிலிருந்து அதற்குக் கொழுவினேன், டக் என்று விழுந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப விழுந்தது. பிறகுதான் விளங்கியது: வண்டியிலும் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, வீட்டுப் பனலிலும் சேர்ந்திருக்கிறது, இரண்டு இடத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு பிளக் அதைக் கசிவு என்று எடுத்து வெட்டிவிடும். அது தன் வேலையைச் செய்கிறது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற சுவிட்ச் பூட்டியிருக்க வேண்டும். மழைக்குள் நின்று செய்கிற வேலையல்ல. எக்ஸ்டென்ஷன் வயர்களை யன்னலால் விட்டோம்.

இரண்டாவது, கணக்கு. 90 வீதத்தோடு வெளிக்கிட்டேன், 118 யூனிட். ஒரிலியா 125 கிலோமீற்றர், குளிர், 42 போய்விட்டது. திரும்பி வர இன்னொரு 42 வேண்டும், அந்தப் பக்கத்தில் எந்தச் சார்ஜருக்குக் கரண்ட் இருக்கிறதென்று தெரியாது. ஆக அவன் வீட்டுக்கு நான் கொண்டுபோனது 131 யூனிட் இல்லை, முப்பது சொச்சம். ஃபிரிட்ஜ், டீப் ஃப்ரீசர், பேஸ்மென்ட் தண்ணி இறைக்கிற பம்ப் மூன்றும் அதிகம் எடுக்காது. ஹீற்றர் ஒன்று 1.5 கிலோவாட், நாள் முழுக்க விட்டால் 36 யூனிட், அந்த ஒன்றே எல்லாவற்றையும் குடித்துவிடும். ஒரு அறையில் ஆறு பேரும் படுத்தோம், ஹீற்றரை விட்டு விட்டுப் போட்டோம். ஃப்ரீசரில் இருந்த ஆட்டிறைச்சி தப்பியது. மறுநாள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ வந்துவிட்டேன்.

சொந்த வீட்டு வாசலில் நிற்கிற வண்டியென்றால் மூன்று நாள் உண்மை. ஓடிப்போய் உதவுகிற வண்டிக்கு ஒரு இரவு.

2025 டிசம்பர் 17

ஆம், பார்த்தேன். ஃபோர்ட் முழு மின்சார லைட்னிங்கை நிறுத்துகிறதாம், அடுத்ததில் பற்றரியோடு, ஓடும்போது சார்ஜ் ஏற்றிக்கொடுக்கப் பெற்றோல் ஜெனறேற்றரும் இருக்குமாம். இரண்டு நாளில் பதினொரு பேர் எனக்கு இதை அனுப்பிவிட்டார்கள், இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி. மொன்றியல் பாதையில் ட்ரெய்லரோடு நின்றவன் என்ற முறையில், அந்த ஜெனறேற்றர் யோசனையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளூருக்குள் ஓடுகிற எனக்கு அது சும்மா சுமக்கிற பாரம்.

விற்பீர்களா என்று கேட்டால், இல்லை. இந்த நவம்பரில் நள்ளிரவு விலை 3.9 சதம் ஆகிவிட்டது, அப்படியும் பெற்றோலுக்குக் கிட்ட வராது. ரயர்தான் சீக்கிரம் தேய்கிறது, கிட்டத்தட்ட மூன்று தொன் வண்டி, அடுத்த வருடம் நாலும் மாற்ற வேண்டும்.

2025 டிசம்பர் 20

முதல் கேள்வி கேட்ட தம்பி இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். அப்போது ஒரு பெற்றோல் பிக்கப் எடுத்தாராம். இப்போது ஏஜாக்ஸில் வீடு வாங்குகிறாராம், கராஜோடு. 'இப்ப எடுக்கலாமோ அண்ணை, மலிவா விற்பாங்கள் போல' என்கிறார்.

பனல் எத்தனை அம்பியர் என்று முதலில் பாரும். பாத்துட்டு எழுதும்.